நீல வலை

வேதமாணிக்கம் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு வெள்ளை வலையைக் கரையோரமாக ஓர் இழுப்பு இழுத்துத் தூக்கி, அதில் துள்ளியதையெல்லாம் அகலமான பேசினில் கொட்டினார். மழை விட்டு ஒரு மணி நேரம் ஆகியும் காட்டு மரங்கள் சொட்டுவதை நிறுத்தவில்லை. பேசினுக்குள் கறுப்பும் சாம்பலுமாகத் தலைப்பிரட்டைகள், பெரிய தலையும் துடிக்கிற வாலுமாக. ஒவ்வொன்றாகக் கொஞ்சம் தண்ணீரோடு இடது உள்ளங்கையில் ஏந்தி மூன்று எண்ணுவார். காளைத்தவளைக் குஞ்சாக இருந்தால் அது சும்மா இருக்காது, உள்ளங்கையின் செத்த தோலைச் சுரண்டித் தின்னப் பார்க்கும். முட்டையிலிருந்து வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் அவ்வளவு பசி. மிளகுத்தவளைக் குஞ்சாக இருந்தால் கை பட்டதும் செத்ததுபோலக் கிடக்கும். கடிப்பது சிவப்பு வாளிக்கு, கிராம்பு எண்ணெய் கலந்த தண்ணீருக்கு, அங்கே அது மயங்கி அப்படியே போய்விடும். கிடப்பது திரும்பவும் குளத்துக்கு. இந்த உள்ளங்கைச் சோதனையைக் கண்டுபிடித்தவரே அவர்தான். தவளை ஆராய்ச்சிக்கு வந்திருக்கும் மாலினி மேடம் அதைத் தன் அறிக்கையில் அவர் பெயரோடு எழுதி, அந்தப் பக்கத்தைப் பிரிண்ட் எடுத்து அவரிடம் கொடுத்திருந்தாள். மனைவி ஞானம் அதை வீட்டில் பீரோவுக்குள் கல்யாணப் புடவைக்கு அடியில் வைத்திருக்கிறாள். இன்று காலையிலிருந்து கடித்தவை அறுபத்து நான்கு. கிடந்தவை மூன்று. அறுபத்தைந்தாவது இப்போது உள்ளங்கையில் சுரண்டிக்கொண்டிருந்தது. மூன்றோடு நிறுத்தாமல் பத்துவரை எண்ணினார். நன்றாகக் கடி, உன்னை இங்கே கொண்டுவந்து விட்டவனைத்தான் கடிக்கிறாய் என்று நினைத்தார். நினைத்த மாத்திரத்தில், வாய்விட்டுச் சொல்லிவிட்டோமோ என்று கரையைத் திரும்பிப் பார்த்தார். மாலினி பாறைமேல் குடையோடு உட்கார்ந்து நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். அவளுக்கு எதுவும் கேட்கவில்லை.

இதற்கு மேல்குளம் என்று பெயர். அந்தமானில் பதினான்காம் மைல் குடியிருப்புக்கு மேலே, மண்ணில் வெட்டிய முந்நூறு படி ஏறிக் காட்டுக்குள் வந்தால் இருக்கிறது. மிளகுத்தவளை கட்டைவிரல் நகத்தளவுதான் இருக்கும், முதுகில் மிளகுத்தூளைத் தூவிவிட்ட மாதிரிப் புள்ளி, நகத்தை நகத்தால் சுண்டுகிற மாதிரிக் குரல். உலகத்திலேயே இந்தத் தீவில்தான் இருக்கிறது என்றும், தீவிலும் மூன்று குளத்தில்தான் இருந்தது என்றும், இரண்டில் காளைத்தவளை புகுந்து தின்று தீர்த்துவிட்டது என்றும் மேடம் பள்ளிக்கூடத்துச் சுவரில் படம் காட்டிச் சொல்லியிருந்தாள். காளைத்தவளை மெயின்லாண்டிலிருந்து வந்தது. மீன்குஞ்சு டின்னில் கலந்து வந்திருக்கும் என்கிறார்கள். கைக்கு அடங்காத உடம்பு. வாய்க்கு அடங்கியதையெல்லாம் விழுங்கும், பல்லி, பூரான், கோழிக்குஞ்சு, வேறு ஒன்றும் கிடைக்காவிட்டால் தன் குஞ்சையே. முதல் மழை விழுந்ததும் ஆண் தவளைகளெல்லாம் மஞ்சளுக்கு மாறி வயல் முழுக்கக் கத்தும். அன்றிலிருந்து மூன்று மாதம் சீசன் வேலை. பெரிதைப் பிடிப்பது, முட்டையை வாருவது, முட்டை தப்பினால் குஞ்சை வாருவது. ‘நாமளும் மெயின்லாண்ட்லேருந்து கப்பல்ல வந்தவங்கதாம்ல. தவளைய முடிச்சிட்டு அடுத்து நமக்குத்தான் வலை எடுப்பாங்க’ என்று ஊரில் கேலி பேசுவார்கள். வேதமாணிக்கமும் கூடச் சேர்ந்து சிரிப்பார். ஒன்பது சீசன் பார்த்துவிட்டார். ஒன்பது சீசனிலும் மேல்குளத்துத் தகர வேலியைத் தாண்டி ஒரு காளைத்தவளை வந்ததில்லை, ஒரு முட்டை வந்ததில்லை. அதைச் சொல்லும்போது அவர் குரல் தன்னால் ஒரு படி ஏறும், ஞானம் பக்கத்தில் இருந்தால் ‘போதும், திருஷ்டி படும்’ என்பாள். திருஷ்டிதான் பட்டது என்று ஞானம் இப்போதும் நம்பிக்கொண்டிருக்கிறாள், பாவம், வீட்டுக்குள்ளேயே இருக்கிற ஆளைத் தவிர ஊரில் உள்ள எல்லார் கண்மேலும் அவளுக்குச் சந்தேகம்.

ஊரில் அவருக்கு ப்ளீச்சிங் அண்ணாச்சி என்று பெயர். கீழே வயலிலும் மீன்குளத்திலும் போடுகிற வலை நீலம். மேல்குளத்து வலை வெள்ளை. நீலம் மேலே வரக்கூடாது, வெள்ளை கீழே போகக்கூடாது. கீழேயிருந்து யார் ஏறி வந்தாலும் படிக்கு அடியில் இருக்கும் தொட்டியில் ப்ளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் பூட்ஸையும் கையையும் கழுவிவிட்டுத்தான் முதல் படியில் கால் வைக்க வேண்டும். தவளை முட்டை கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டிக்கொண்டு வரும், தவளைக்குக் கால் நாலு, நமக்குக் கால் ஆயிரம் என்று அவரே பலகையில் பெயிண்டால் எழுதி மாட்டியிருந்தார். மேடம்கூட ஒரு தடவை மறந்துபோய்ப் பத்துப் படி ஏறியபோது, ‘மேடம், தொட்டி’ என்று இரண்டே சொல்லில் இறக்கிவிட்டார். அன்றைக்கும், அந்தப் பதினாறாம் தேதி காலையிலும், கூட வேலை பார்க்கும் இருதயராஜை ஊர் பார்க்க நிறுத்திவைத்துக் கிழித்தெடுத்தாரே. ஒற்றைப் பூட்ஸ். ஒரு பூட்ஸைக் கழுவிவிட்டு இன்னொன்றை நனைத்தும் நனைக்காமலும் வந்துவிட்டான். ‘ஒரு கால் சுத்தம்னா இன்னொரு கால் மெயின்லாண்ட்லயா இருக்கு? வீட்டுக்குப் போ’ என்று அனுப்பிவிட்டார். அவன் மழையில் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு போனான், முப்பத்தெட்டு வயசுக்காரன், இரண்டு பிள்ளைக்குத் தகப்பன். அன்றைக்குப் பேசியது நியாயம்தான், ஒரு சொல் தப்பில்லை, அதுதான் பொறுக்க முடியவில்லை. அன்று மத்தியானம் நடந்ததற்கு முன்னால் அதைச் சொல்லிவிட்டோமே என்று இருந்தது. பிந்திச் சொல்லியிருந்தாலோ இன்னும் கேவலம். எப்படித் திருப்பிப் போட்டாலும் அந்த ஒற்றைப் பூட்ஸ் வந்து நின்றது.

மத்தியானம். முதல் மழைக்கு மறுநாளைக்கு மறுநாள். சித்திரவேலுடைய மீன்குளத்தில் விடிந்ததிலிருந்து முட்டை வாரியிருந்தார்கள். காளைத்தவளை முட்டை தண்ணீர்மேல் ஆடைபோலப் படர்ந்து கிடக்கும், ஊறிய சப்ஜா விதையேதான், கறுப்புப் பொட்டும் சுற்றிக் கொழகொழப்பும். வாளி வாளியாக வாரி வெயில் படுகிற மேட்டில் கொட்டினார்கள். மேல்குளத்தில் ஒரு கிளை முறிந்து விழுந்திருப்பதாக யாரோ சொன்னார்கள், பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்று கிளம்பினார். தோளில் நீல வலை. படிக்கு அடியில் தொட்டி. தொட்டியைப் பார்த்ததுமே விரலிடுக்கு எரிந்தது. ஒன்பது வருஷமாக அந்தத் தண்ணீரில் முங்கி முங்கிக் கையெல்லாம் பாளம் பாளமாக வெடித்து, அந்த வாரம் ரத்தமே கசிந்துகொண்டிருந்தது, ஞானம் தேங்காயெண்ணெயில் மஞ்சளைக் குழைத்துத் தடவித் துணி சுற்றிவிட்டிருந்தாள். துணியை அவிழ்க்க வேண்டும், முக்க வேண்டும், மறுபடி சுற்ற வேண்டும். பூட்ஸை மட்டும் கழுவினார். வலையைக் கீழே வைத்துவிட்டுப் போயிருக்கலாம். ஏன் வைக்கவில்லை? அதை எத்தனையோ தடவை கேட்டுப் பார்த்துவிட்டார், பதில் இல்லை, தோளில் இருந்தது தோளிலேயே இருந்தது, அவ்வளவுதான். மேலே கிளையோடு இலைக் குப்பை ஒரு பெரிய மெத்தை அளவுக்குத் தண்ணீரை மூடிக் கிடந்தது. கொட்டகையில் வெள்ளை வலையை எலி கடித்து வைத்திருந்தது. நீல வலையை எடுத்து விரித்துப் பார்த்தார். சுத்தமாகத்தான் தெரிந்தது. இரண்டு உதறு உதறினார். ஒரு தடவைதானே. குப்பையை ஐந்தே நிமிஷத்தில் வாரிக் கரையில் போட்டார். அந்த ஐந்து நிமிஷமும் மனசு நன்றாக இருந்தது, அதைச் சொல்லியாக வேண்டும், கை எரியவில்லை, மழை நின்ற வெளிச்சம் தண்ணீரில் விழுந்தது, ஒரு மிளகுத்தவளை பகலிலேயே டிக், டிக் என்றது.

சாயங்காலம் கீழே வலையைக் கொடியில் போடும்போதுதான் ஓரத்து மடிப்பில் கை வழுக்கியது. ஒரு சாண் நீளத்துக்குக் கொழகொழப்பு, அதில் கறுப்பு விதைகள். முழுசாக இல்லை. பாதி எங்கேயோ போயிருந்தது. எங்கே என்று அவருக்குத் தெரியும். கட்டைவிரலால் வழித்துத் தரையில் உதறிவிட்டு, சுற்றிலும் பார்த்துவிட்டு, உதறியதை மிதித்தார். அப்போதே சொல்லியிருந்தால்? சீசன் ஆட்கள் ஆறு பேரும் டார்ச் எடுத்துக்கொண்டு போய், அந்த மெத்தை அளவு இடத்தில் ஒரு மணி நேரத்தில் எல்லாவற்றையும் வாரியிருப்பார்கள், மேடம் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருப்பாள், இருதயராஜ் ஒரு வாரம் சிரித்திருப்பான். அவ்வளவுதான் போயிருக்கும். அந்தச் சிரிப்பைத்தான் அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. தனியாகவாவது மறுநாள் காலையில் போய்ப் பார்த்திருக்கலாம். போகவில்லை. காய்ந்திருக்கும் என்றார், எறும்பு தின்றிருக்கும் என்றார், பச்சைத் தண்ணீரில் பிழைக்காது என்றார், எல்லாம் தனக்குத்தானே. பூனை கண்ணை மூடிக்கொண்ட கதை. பதினெட்டு நாள் மூடிக்கொண்டிருந்தார். பதினெட்டாம் நாள் மேடம் இங்கேயிருந்து போனில் கூப்பிட்டபோது, அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று தெரிந்துகொண்டே, ‘என்ன மேடம், என்ன ஆச்சு?’ என்று பதறினார். எவ்வளவு நல்ல பதற்றம். இப்போது அந்தக் குரலை மறுபடியும் காதுக்குள் கேட்டபோது அறுபத்தாறாவது கடித்தது, அறுபத்தேழாவது கடித்தது. நான்காவதாக ஒன்று சும்மா கிடந்தது. அதைத் தண்ணீருக்குள் விட்டபோது வேண்டுமென்றே கையைக் கொஞ்ச நேரம் அங்கேயே வைத்திருந்தார், அது போவதைப் பார்க்க. ஒரு குப்பைக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டது.

முன்பும் ஒருமுறை இப்படி. இருபத்திரண்டு வயசில் சென்னையிலிருந்து கப்பலில் வந்தபோது, மூன்றாம் நாள் கடல் புரட்டியெடுத்ததில், மேல் படுக்கையிலிருந்து கீழே ஒரு தெலுங்குக்காரக் குடும்பத்தின் துணிமூட்டைமேல் வாந்தி எடுத்துவிட்டார். எல்லாரும் தூக்கம். சத்தமில்லாமல் திரும்பிப் படுத்துக்கொண்டார். காலையில் அந்தக் குடும்பம் பக்கத்துப் படுக்கைக் கிழவரைப் பிடித்துக்கொண்டது. கிழவருக்கும் முந்தின நாள் முழுக்க வாந்தி, தான்தானோ என்று அவருக்கே குழப்பம், நாமாகத்தான் இருக்கும் என்று தன் துண்டாலேயே துடைத்துக் கொடுத்தார். வேதமாணிக்கம் மேலே படுத்துக்கொண்டு கப்பலின் இரும்புக் கூரையில் ஆணிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். துடைத்து முடிந்ததும் எல்லாரும் கஞ்சி குடித்தார்கள், கிழவர் அவருக்கும் ஒரு துண்டு ஊறுகாய் கொடுத்தார், வாங்கிச் சாப்பிட்டார். நன்றாக இருந்தது. கொஞ்சம் பொறுத்திருந்தால் எதுவும் தாண்டிப் போய்விடும் என்று அன்றைக்குக் கற்றுக்கொண்டது இந்த உடம்பு, முப்பது வருஷம் அதை மறக்கவில்லை. தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். எத்தனை ராத்திரி அந்தச் சத்தத்தை வைத்துத்தான் டார்ச் அடித்துப் பிடித்திருக்கிறார். மனுஷன் வாயைத் திறக்காமலேயே கெடுவான் என்று எவனாவது சொல்லி வைத்திருந்தால் புண்ணியமாகப் போயிருக்கும்.

வனத்துறை பாரஸ்டர் பத்து மணிக்குச் சித்திரவேலைக் கூட்டிக்கொண்டு வருவதாகச் சொல்லியிருந்தார். சித்திரவேல் கீழே மீன்குளம் வைத்திருக்கிறவன். மூன்று வருஷத்துக்கு முன்னால் அவன் யாருக்கும் தெரியாமல் மேல்குளத்தில் ஐம்பது மீன்குஞ்சைக் கொண்டுவந்து விட்டான், காட்டுத் தண்ணீரில் நன்றாகத் தடிக்கும் என்று யாரோ சொன்ன பேச்சைக் கேட்டு. பிடித்தது வேதமாணிக்கம்தான். காலில் விழாத குறையாக அழுதான், இனிமேல் இந்தப் படியில் கால் வைக்க மாட்டேன் என்று பிள்ளைமேல் சத்தியம் செய்தான், எச்சரித்து விட்டுவிட்டார்கள். அதிலிருந்து சீசன் ஆட்களுக்கு வாரம் ஒரு நாள் மீன் குழம்பு அவன் வீட்டிலிருந்துதான் வரும். வேலிக்குள் ஒரு காளைத்தவளைகூடக் கத்தவில்லை, வேலியில் ஒரு ஓட்டை இல்லை, ஆக முட்டையோ குஞ்சோ யாரோ தூக்கிக்கொண்டுதான் வந்திருக்க வேண்டும் என்று மேடம் கணக்காகச் சொன்னாள். தூக்கிக்கொண்டு வர இரண்டே வழி. ஒன்று மீன் டின். இன்னொன்று நாம். ‘நம்ம ஆளுங்கன்னா வாய்ப்பே இல்லீங்க. மாணிக்கண்ணா இருக்கார்ல’ என்று அவளே இரண்டாவதை அடித்துவிட்டாள். போன மாதம்தான் சித்திரவேலுக்கு போட்டில் மீன்குஞ்சு டின் வந்து இறங்கியது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க வேதமாணிக்கம் ஒரு பிடி சோறுகூட அள்ளவில்லை, ஊரே அள்ளிப் போட்டு மூடிக் கொடுத்தது. இன்று அவன் தப்பை ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுக்க வேண்டும். பிறகு குளத்தின் உரிமத்தை ரத்து செய்து, தண்ணீரை வடித்து, அடியில் ப்ளீச்சிங் பவுடர் போடுவார்கள். பதினான்கு வருஷம் அவனும் அவன் பெண்டாட்டியும் கூடை கூடையாக மண் சுமந்து வெட்டிய குளம் அது.

‘அண்ணா, கொஞ்சம் மேல வாங்க. டீ குடிச்சிட்டு இறங்கலாம்’ என்றாள் மாலினி. ‘இருக்கட்டும் மேடம். இந்த மூலைய முடிச்சிர்றேன்.’ அவள் கோயம்புத்தூர்ப் பெண், மகள் வயசு, ப்ளாஸ்க் மூடியில் டீயை ஊற்றித் தண்ணீரோரம்வரை வந்து நீட்டினாள். நனைந்த கையால் வாங்கினார். டீயில் கிராம்பு மணந்தது, டீயில் இல்லை, கையில்தான், பத்து நாளாகச் சோற்றிலும் பாயிலும் ஞானத்தின் தலையிலும்கூட அந்த மணம்தான். ‘உங்க முகமே சரியில்லீங்கண்ணா. நீங்க தூங்கறதில்லைன்னு ஞானம் அக்கா சொன்னாங்க’ என்றாள். இப்போது. சொல்லிவிடலாம். மேடம், ஒரு விஷயம். அதற்குமேல் நாக்கில் வரிசையாக எல்லாம் இருந்தது, பதினாறாம் தேதி, நீல வலை, இதோ இந்தப் பாறைக்கு இடது பக்கம். ‘மேடம்’ என்றார். ‘சொல்லுங்க.’ ‘போன வருஷம் இந்நேரம் எத்தன சத்தம் கேட்டுச்சு?’ அவள் நோட்டைப் புரட்டினாள். ‘சாயங்காலம் அரை மணி நேரத்துல நூத்திப் பத்து. நேத்து பதினேழு.’ குடையை மடக்கி மடக்கி விரித்தாள். ‘எங்கம்மா கேக்கறாங்க, ஒரு தவளைக்காக எதுக்குடி அழறேன்னு. உங்களுக்குத்தான் புரியும்.’ புரியும், மேடம். நன்றாகப் புரியும். நூற்றுப் பத்துக்கும் பதினேழுக்கும் நடுவில் நிற்கிறவனுக்குப் புரியாதா? டீயை ஒரே மடக்கில் குடித்தார். மூடியை அலசித் திருப்பிக் கொடுத்தார். ‘நல்லாயிருந்துச்சு’ என்றார்.

படியில் முதலில் பாரஸ்டரின் தொப்பி தெரிந்தது, பின்னால் சித்திரவேல். இஸ்திரி போட்ட சட்டை போட்டிருந்தான், கல்யாணத்துக்குப் போடுகிறது. இரண்டு பேருக்கும் பூட்ஸில் தண்ணீர் சொட்டியது, தொட்டியில் கழுவிவிட்டுத்தான் வந்திருக்கிறார்கள். சித்திரவேல் வேலிக்கு வெளியிலேயே நின்றுகொண்டான், சத்தியம் செய்தவன் அல்லவா, உள்ளே வரலாமா என்று வேதமாணிக்கத்தைப் பார்த்தான். அவர் பேசினைப் பார்த்தார். பாரஸ்டர் இங்கேயே பிறந்து வளர்ந்தவர், இந்தியும் தமிழும் கலந்து பேசுவார். ‘அச்சா, நேரத்த வீணாக்க வேண்டாம். எழுதி எடுத்துட்டு வந்திருக்கேன், நீ கையெழுத்துப் போடு’ என்று தாளை நீட்டினார். ‘சார், நான் செய்யலயே சார். எப்டிப் போட?’ என்றான் சித்திரவேல். ‘போன தடவையும் இதத்தான் முதல்ல சொன்னே.’ ‘போன தடவ பொய் சொன்னேன் சார். இந்தத் தடவ சொல்லல.’ பாரஸ்டர் சிரித்துவிட்டார். மாலினி சிரிக்கவில்லை, அவள் நியாயமானவள், அதனால்தான் அதைக் கேட்டாள். ‘மாணிக்கண்ணா, நீங்களே சொல்லுங்க. நம்ம பக்கமிருந்து வந்திருக்க ஒரு சதவீதமாவது வாய்ப்பிருக்குங்களா?’ மூன்று பேரும் அவரைப் பார்த்தார்கள். தண்ணீர் இடுப்பைச் சுற்றிக் குளிர்ந்தது, கையில் வலை கனத்தது. பேச ஆரம்பித்துவிட்டது தெரிந்தபோது அவருக்கே திடுக்கென்றது. ‘தப்பு என்னோடதுதான் மேடம். நாந்தான் காரணம். அவன் மேல போடாதீங்க.’

மாலினியின் கண் நிறைவதைப் பார்த்தார், அந்தக் கண்ணீர் எதற்கு என்று ஒரு நொடி கழித்துத்தான் பிடிபட்டது. ‘அண்ணா, வேலிக்குப் பொறுப்பு நீங்கங்கிறதால இப்படிச் சொல்றீங்க. அவர் குடும்பத்துக்காகச் சொல்றீங்க. எனக்குத் தெரியாதுங்களா?’ என்றாள். ‘ப்ளீச்சிங் அண்ணாச்சி கையிலேருந்து முட்டை வந்துச்சுன்னா, கோயில்லேருந்து சாராயம் வந்த மாதிரி’ என்றார் பாரஸ்டர். இல்லை, நிஜமாகவே நான்தான் என்று அடுத்து சொல்ல வேண்டும். பதினாறாம் தேதி என்று சொல்ல வேண்டும். நீல வலை என்று இரண்டு சொல் சொன்னால் போதும், மேடம் முகம் மாறிவிடும், அந்த இரண்டு சொல்லுக்கு அர்த்தம் அவளுக்கு நன்றாகத் தெரியும். வேதமாணிக்கம் நின்றார். அவருக்குள்ளே என்னவோ இறங்கியது, நனைந்த பூட்ஸைக் கழற்றியதும் காலுக்கு வருமே, அந்த ஆறுதல். அது வந்ததுதான் வெட்கம். அது வரும் என்று தெரிந்துதான் அப்படிச் சொன்னோமா? தப்பு என்னோடது, நாந்தான் காரணம், நல்லவர்கள் எல்லாரும் சொல்லுகிற வாசகம், எவனும் நம்பமாட்டான் என்ற தைரியத்தில் சொல்லுகிற வாசகம். உண்மையைச் சொல்லியே பொய் சொன்னவன் இந்தத் தீவில் தான் ஒருவனாகத்தான் இருக்கும். பாரஸ்டர் தாளைத் திருப்பிப் பார்த்து, கடைசி இரண்டு வரியைப் பேனாவால் அடித்தார். ‘அண்ணாச்சி முகத்துக்காக. தெரியாம நடந்துபோச்சு, இனிமே நடக்காதுன்னு மட்டும் எழுதிக் குடு. குளத்த விட்டுர்றேன். இந்த வருஷம் குஞ்சு விடாதே.’ சித்திரவேல் தாளையும் பார்த்தான், வேதமாணிக்கத்தையும் பார்த்தான். வேலிக் கட்டையில் வைத்து, செய்யாததைச் செய்ததாகக் கையெழுத்துப் போட்டான். கை நடுங்காமல் அழகாகப் போட்டான்.

மேடமும் பாரஸ்டரும் வேலியைச் சுற்றிப் பார்க்கப் போனார்கள். சித்திரவேல் தண்ணீரோரம் வந்து குத்தவைத்து உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் சிவப்பு வாளிக்குள் அசையாமல் மிதக்கிறவற்றைப் பார்த்தான். ‘அண்ணாச்சி, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்கிட மாட்டியளே?’ ‘கேளு.’ ‘நெசமாவே ஒங்க கையாலதான் வந்துச்சா? அப்படீன்னா எங்கிட்ட மட்டும் சொல்லுங்க. நான் யார்ட்டயும் மூச்சு விட மாட்டேன். கையெழுத்துதான் போட்டாச்சே, இனி எனக்கு அதுல ஒண்ணுமில்ல.’ குரலைத் தாழ்த்தினான். ‘எனக்குத் தெரிஞ்சாகணும் அண்ணாச்சி. நான் கொண்டாரல, அது எனக்குத் தெரியும். அப்பம் எங்க வீட்ல வேற யாரு? மூத்தவ பவானிதான், பன்னெண்டு வயசு. கீழ வயல்ல பாட்டில்ல இதுகளப் பிடிச்சு வச்சு வெளையாடுவா. நீதான் மேல கொண்டுபோயி விட்டியான்னு நேத்து அடிச்சுட்டேன். இல்லப்பாங்கா. அடிக்க அடிக்க இல்லப்பாங்கா. கன்னத்துல கை அப்படியே பதிஞ்சு கெடக்கு. அவ பொய் சொல்ற பிள்ளை இல்ல. ஒங்களுக்குத்தான் தெரியுமே. அதான் கேக்கேன்.’

நம்பக்கூடிய ஒரே ஆள் கேட்கிறான். ஒன்றும் விளக்க வேண்டாம், தேதி வேண்டாம், ஆமாம் என்றால் போதும், தலையை ஆட்டினால்கூடப் போதும். ஆனால் இவன் நம்பிவிடுவானே. அந்த முகம் மாறுமே, இந்தக் குத்தவைத்த இடத்திலிருந்து எழுந்து இவன் தன்னை ஒரு பார்வை பார்ப்பானே, கையெழுத்துப் போட்டதற்குப் பிறகு, பத்து நாளுக்குப் பிறகு, அந்தப் பிள்ளையின் கன்னத்துக்குப் பிறகு. முதலில் சொன்னபோது வாய் எவ்வளவு எளிதாகத் திறந்தது. உள்ளங்கையில் ஏதோ கடித்துக்கொண்டிருந்தது, எதை எப்போது எடுத்தோம் என்றே நினைவில்லை, எண்ணவும் மறந்திருந்தார்.

‘இல்ல சித்திரம்’ என்றார் வேதமாணிக்கம். ‘ஒனக்காகத்தான் சொன்னேன்.’

சித்திரவேல் தலையை ஆட்டினான். எட்டி அவருடைய நனைந்த முழங்கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்தினான். ‘எனக்கும் தெரியும் அண்ணாச்சி. ஒங்க கைக்கு அது வராது’ என்றான். எழுந்து இஸ்திரிச் சட்டையில் ஒட்டியிருந்த இலையைத் தட்டிவிட்டான். ‘அப்பம் அவதான். இம்புட்டு நேரம் மூஞ்சியப் பாத்துப் பொய் சொல்லிருக்கா பாருங்க. வீட்டுக்குப் போயி ரெண்டு குடுத்துக் கேக்கணும்’ என்று சொல்லிவிட்டு வேலியைத் தாண்டிப் படியில் இறங்கினான். வேகமாக இறங்கினான். பத்தாம் படி, இருபதாம் படி, ஐம்பதாம் படிவரைக்கும் இங்கேயிருந்து கூப்பிட்டால் காதில் விழும். வேதமாணிக்கம் கையிலிருந்ததை வாளியில் போட்டுவிட்டு, வலையைத் தண்ணீருக்குள் இறக்கிக் கரையோரமாக இழுக்க ஆரம்பித்தார்.